இனிகோவின் இசைத்தட்டும் பிளாரன்ஸக்காவின் குடமும்

இனிகோ வாயைத் திறந்தால் தூத்துக்குடியில் பாதி ஊர் எழுந்து ஓடும். இது புகழ்ச்சியில்லை. அவன் தொழில் அது.

வன்னியபெருமாள் அண்ணாச்சியின் குதிரை வண்டியில் முன்னால் ஒரு கூம்பு ஸ்பீக்கர், பின்னால் ஒரு கூம்பு ஸ்பீக்கர், நடுவில் லாரி பேட்டரி, பேட்டரிப் பெட்டியின் மேல் இனிகோ. தண்ணீர் வரும் நேரம், மண்ணெண்ணெய் ஊற்றும் நாள், காணாமல் போன ஆடு, காலமான பெரியவர், படம் மாற்றிய தியேட்டர் என்று பதினோரு வருஷமாக ஊருக்குச் சேதி சொல்லி வந்தான். அவன் தாத்தா முத்துக்குளித்தவர். தண்ணீருக்கு அடியில் மூச்சடக்குவார். பேரன் அதே மூச்சைத் தரையில் செலவழித்தான். நாலு தெருப் பேர், இரண்டு நேரம், ஓர் எச்சரிக்கை, எல்லாம் ஒரே மூச்சில் வரும். குதிரையின் குளம்புச் சத்தம்தான் தாளம். குதிரை நின்றால் அவனுக்கும் பேச்சு நின்றுவிடும்.

இது நடந்தது எழுபத்தொன்பதில். ஊருக்கு நாலு நாளைக்கு ஒருமுறை, அரைமணி நேரம் தண்ணீர் வந்த காலம். ஒரு தெருவில் அவன் குரல் கேட்டால் அடுப்பில் இருப்பது அடியில் பிடிக்கும், சண்டை பாதியில் நிற்கும், பாடையே ஆனாலும் ஓரமாக ஒதுங்கும்.

ஒரு தெருவுக்கு மட்டும் எந்தச் சேதியும் இரண்டு தடவை கிடைத்தது. அது பவுல் மாஸ்டர் வீட்டுத் தெரு. மாஸ்டர் கோயிலில் பாட்டுக் குழு நடத்துபவர். அவர் மகள் மெட்டில்டா ஜன்னலில் நிற்பாள். அவள் நிற்கிறாளா என்று பார்க்க ஒருமுறை, நின்றது அவள்தான் என்று உறுதி செய்ய ஒருமுறை. இதில் அந்தத் தெருக்காரர்கள் சினிமா மாறியதை எட்டு வருஷத்தில் எட்டுநூறு தடவை தெரிந்துகொண்டார்கள்.

எட்டாவது வருஷம் இனிகோ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு பெண் கேட்கப் போனான். வன்னியபெருமாள் அண்ணாச்சி துணைக்கு வந்தார். பதினோரு வருஷம் கூம்புக்கு முன்னால் உட்கார்ந்ததில் அவருக்கு இடது காது சேவையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தது.

மாஸ்டர் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார்.

"ஏலே இனிகோ, உன்மேல எனக்குக் கோபம் கிடையாது. ஆனா பாத்துக்க, கோயில்ல என் பாட்டுக்குழு பாடும்போது ஒருத்தனாவது எந்திரிச்சுப் போறானா?"

"பூசைக்கு நடுவுல எப்படி மாஸ்டர் எந்திரிப்பான்?"

"காரணத்தை விடு. எந்திரிக்கிறானா இல்லியா?"

"இல்ல."

"நீ வாயத் தொறந்தா ஒருத்தனாவது உக்காருதானா?"

இனிகோ யோசித்துப் பார்த்தான். இறந்தவர் தவிர யாரும் அசையாமல் இருந்ததாக நினைவில்லை.

"அதான் வித்தியாசம். உக்கார வச்சுக் கேக்க வைக்கிறவன் கலைஞன். எந்திரிச்சு ஓட வைக்கிறவன் தீயணைப்பு வண்டி. தீயணைப்பு வண்டிக்கு எவனும் பொண்ணு தர மாட்டான்."

அப்போது உள்ளேயிருந்து மாஸ்டரின் மகன் கிளாட்வின் லுங்கியும் வெளிநாட்டு பனியனுமாக வந்தான். கப்பலில் வேலை. லீவில் வந்திருந்தான்.

"அப்பா, நான் நியூயார்க்ல பாத்தேன். தெருமுக்குல மைக் கட்டியிருக்கானுவ. ரிக்கார்டு ஓடுது. ஒருத்தன் மைக்கைப் புடிச்சுப் பேசுதான். பாடல, பேசுதான். தாளத்துக்குப் பேசுதான். இவன மாதிரியே. சனம் பூரா நின்னு கேக்குது, ஆடுது."

"எதப் பத்திப் பேசுதான்?"

"எனக்குப் புரியல. அவன் தெருவப் பத்தித்தான் இருக்கும்னு நெனைக்கேன்."

"அங்க தண்ணி எப்ப வரும்?"

"எப்பவும் வரும்."

"பாத்தியா," என்றார் மாஸ்டர். "அதான் ஆட நேரம் கெடைக்குது."

என்றாலும் அமெரிக்கா என்ற பேருக்கு வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. மாஸ்டர் நிபந்தனை போட்டார். இனிகோ ஓர் இசைத்தட்டு போட வேண்டும். தூத்துக்குடிக்குள்ளே நாலு பேர் கூடிய இடத்தில் அதை வைக்க வேண்டும். ஊசி வைத்ததிலிருந்து எடுக்கிற வரைக்கும், மூன்று நிமிஷம், ஒருத்தர்கூட எழுந்திருக்கக் கூடாது. அன்றைக்குப் பெண் கேட்டு வரலாம்.

"அண்ணாச்சி, என்ன சொல்லுதீய?" என்று இனிகோ வன்னியபெருமாளைப் பார்த்தான்.

"ஆமா, நல்ல காப்பி," என்றார் அவர்.

*

சென்னையில் கிளாட்வினுக்குத் தெரிந்த ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி இருந்தது. ஒலிப்பதிவு அறையில் இனிகோவைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி, "பேசுங்க" என்றார்கள். பேச்சு வரவில்லை. தபேலா வாசித்துப் பார்த்தார்கள். வரவில்லை. தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிப் பார்த்தார்கள். அரை வரி வந்தது. கடைசியில் ரயிலடியிலிருந்து ஒரு குதிரை வண்டியை அழைத்து வந்து, மைக்கை வாசலுக்கு இழுத்து, தெருவில் குதிரையை நடக்கவிட்டு, கூடவே இனிகோவையும் நடக்கவிட்டார்கள். மூச்சு விடாமல் வந்தது.

"தண்ணி வருது தண்ணி வருது தாயே தண்ணி வருது
நாலு மணிக்குத் தண்ணி வருது நாலரைக்கு நின்னு போகுது
குடத்தை எடு குண்டாவை எடு கோபத்தைப் பொறவு எடு
வரிசையில நில்லு வாயைக் கொஞ்சம் மூடு
வாளி வச்ச எடத்துல செருப்பை வச்சா கேடு..."

'நாலரைக்கு' என்ற இடத்தில் குதிரை தும்மியது. ஒலிப்பதிவுக்காரர் மறுபடி எடுக்கலாம் என்றார். குதிரைக்காரர் சவாரி இருக்கிறது என்று போய்விட்டார். தும்மல் தட்டிலேயே தங்கியது.

நடுவில் சிவப்புத் தாள் ஒட்டிய சின்னத் தட்டு. ஒரு பக்கம் 'தண்ணி வருது'. மறுபக்கம் 'தொலைஞ்ச ஆடு'. கீழே, 'பேச்சு: இனிகோ. குதிரை: மெட்ராஸ்.' இதைப் படித்துக் காட்டியதும் வன்னியபெருமாள் மூன்று நாள் அவனுடன் பேசவில்லை. தன் குதிரை ராணியை ரயிலில் ஏற்ற மாட்டேன் என்று சொன்னவரும் அவர்தான்.

வெளியீட்டு விழா ராஜதுரை அண்ணாச்சியின் சவுண்ட் சர்வீஸ் கடை வாசலில் நடந்தது. நாற்பது மடக்கு நாற்காலி, ஆளுக்கொரு முந்திரி மக்ரூன். முன்வரிசையில் பவுல் மாஸ்டர், கையில் சங்கிலிக் கடிகாரம். அவருக்குப் பின்னால் பிளாரன்ஸக்கா. எழுபத்து நாலில் ஒருமுறை அசந்து தூங்கித் தண்ணீரைத் தவறவிட்டவள். அன்றிலிருந்து குடம் இல்லாமல் வெளியே போகாதவள். விழாவுக்கும் குடத்தோடுதான் வந்திருந்தாள்.

ராஜதுரை அண்ணாச்சி ஊசியை வைத்தார். குளம்புச் சத்தம் வந்தது. இனிகோவின் குரல் வந்தது.

இனிகோ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். திறந்தபோது முப்பத்தொன்பது நாற்காலிகள் மல்லாந்து கிடந்தன. நாற்பதாவதில் மாஸ்டர் இருந்தார்.

"பதினோரு செகண்டு," என்றார் அவர். "வாழ்த்துகள்."

கால்மணி நேரம் கழித்து பிளாரன்ஸக்கா மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். வாயில் இன்னும் பாதி மக்ரூன் இருந்தது.

"தண்ணி எங்கலே?"

"அக்கா, அது பாட்டு."

"பாட்டுன்னா பொய் சொல்லலாமோ?"

"பொய் இல்லக்கா, கலை."

"நாலு மணின்னு சொன்னியால்லியா?"

"சொன்னேன்."

"மணி நாலு ஆச்சால்லியா?"

"ஆச்சு."

"பொறவு என்ன கலை," என்று குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போனாள்.

அடுத்தது ஒரு கல்யாண வீடு. முதல் பந்தி. சோற்றுக்குக் குழம்பு ஊற்றும்போது ராஜதுரை அண்ணாச்சி தட்டைப் போட்டார். மொத்தப் பந்தியும் இலையிலிருந்து எழுந்தது. பெண் வீட்டார் குழம்பைச் சந்தேகித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைச் சந்தேகித்தார்கள். ஒன்பது செகண்டு என்றார் மாஸ்டர். அவருக்கு அழைப்பு இல்லை. கடிகாரத்தோடு தானாக வந்திருந்தார்.

சரி, தண்ணீரே வேண்டாம் என்று மறுபக்கத்தைப் போட்டுப் பார்த்தார்கள். 'தொலைஞ்ச ஆடு, வெள்ளை ஆடு, நெத்தியில மச்சம்' என்று அது போகும். சாயங்காலத்துக்குள் சவுண்ட் சர்வீஸ் கடைக்கு ஏழு ஆடுகள் வந்து சேர்ந்தன. அதில் இரண்டுக்கு மச்சம் புதிதாக வைத்திருந்தது. ஏழையும் கயிற்றைப் பிடித்து உரியவர் வீட்டில் விட ராஜதுரை அண்ணாச்சிக்கு மூன்று நாள் ஆனது.

"இனி அந்தப் பக்கத்தப் போடச் சொன்னா நான் கடல்ல எறிஞ்சிருவேன்," என்றார்.

"தட்டையா அண்ணாச்சி?"

"ஒன்னைய."

வெளியூரில் பெயர் நல்லபடி பரவியது. காயல்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில் வைத்தார்கள். எல்லோரும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டு, மறுபடி போடச் சொன்னார்கள். இனிகோ சைக்கிளில் பறந்து வந்து மாஸ்டரிடம் சொன்னான்.

"ஊருக்குள்ளன்னுதான் பேச்சு. அதோட அங்கன வீட்டுக்கு வீடு கெணறு. கெணறு இருக்கிறவன் கேக்கிறது கணக்குல வராது."

நாசரேத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவில் வைத்தார்கள். அங்கேயும் ஒருவர் அசையவில்லை.

"மணி அடிக்காம அங்க எவன் எந்திரிப்பான்? அது ரசனை இல்லலே, ஒழுக்கம்."

மெட்டில்டா ஜன்னலில் நிற்பதோடு சரி. ஆனால் கிளாட்வின் வாங்கி வந்த சின்ன ரிக்கார்டு பிளேயர் அந்த வீட்டில் இருந்தது. அப்பா பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரமெல்லாம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அந்தத் தட்டைப் போட்டுக் கேட்டாள். இனிகோவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு மெலிந்திருக்க மாட்டான்.

*

சூடு கண்ட பூனை என்று சொல்வார்கள். ஊரும் மெல்ல மெல்லப் பழகியது. ஐப்பசி முடிவதற்குள் கல்யாண வீடுகளில் குளம்புச் சத்தம் கேட்டால், "உக்காருளா, ரிக்கார்டுதான்" என்று ஒருத்திக்கு ஒருத்தி சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். மாஸ்டரின் கணக்கு நாற்பது செகண்டு, ஒன்றரை நிமிஷம், இரண்டேகால் நிமிஷம் என்று ஏறியது. கார்த்திகையில் முழு மூன்று நிமிஷமும் மொத்தப் பந்தலும் உட்கார்ந்திருந்தது, ஒரே ஒருத்தி தவிர.

"நம்பாம இல்ல," என்று பிளாரன்ஸக்கா குடத்தை எடுத்தாள். "சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்."

ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு எட்டு பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் ஒரு விரலைக் காட்டி, "ஒருத்தர் எந்திரிச்சாச்சு" என்றார். இனிகோ அவள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினான். நாலு நாளைக்கு நானே தண்ணீர் பிடித்துத் தருகிறேன் என்றான். "நீ எந்த நாளச் சொல்லுத, பாட்டு நாளா, தண்ணி நாளா?" என்று அவள் கேட்டாள்.

ஆனால் கடவுள் இருக்கிறார். பிளாரன்ஸக்காவின் மகளுக்கே கல்யாணம் நிச்சயமானது. பெண்ணைப் பெற்றவள் மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே தீர வேண்டும். குடத்தோடு மேடை ஏற மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, வரவேற்பில், ராஜதுரை அண்ணாச்சி தட்டைப் போடுவதாக ஏற்பாடு. மாஸ்டருக்கும் மகளுக்கும் முறையாக அழைப்பே வந்திருந்தது.

அன்று மூன்றரைக்கு இனிகோ தலைவாரிக்கொண்டிருந்தபோது தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் செல்வதுரை சைக்கிளில் வந்து இறங்கினான்.

"ஏலே, நாளைக்கு வர வேண்டிய தண்ணிய இன்னைக்கே விடச் சொல்லிட்டாவ. நாலு மணிக்கு. நாளைக்கும் மறுநாளும் குழாய் வேலை. இன்னைக்கு விட்டா வெள்ளிக்கிழமைதான். போய்ச் சொல்லு."

இனிகோ தலைவாருவதை நிறுத்தினான். பெண் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். பதினோரு வருஷப் பழக்கம் அவனை வண்டியில் ஏற்றியது. நாலு தெரு சொல்லிவிட்டுப் பந்தலுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டான். நாலு தெருவிலும் ஆளில்லை. எல்லோரும் பிளாரன்ஸக்கா வீட்டுக் கல்யாணத்தில் இருந்தார்கள்.

வண்டி பந்தலை நெருங்கும்போது ஊரில் கரண்ட் போனது. பந்தலுக்குள் ராஜதுரை அண்ணாச்சி தட்டில் ஊசியை வைத்த நிமிஷம் அது. தட்டு சுற்றவில்லை. வெளியே, துணித் தட்டிக்கு அந்தப் பக்கம், லாரி பேட்டரியின் பலத்தில் இனிகோ ஆரம்பித்தான்.

"தண்ணி வருது தண்ணி வருது தாயே தண்ணி வருது..."

துணியின் கிழிசல் வழியே அவன் உள்ளே பார்த்தான். ஒருவர் எழுந்திருக்கவில்லை. முந்நூறு பேர் நாற்காலியில் சாய்ந்து, காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாரன்ஸக்கா மேடையில் பட்டுச் சேலையில் மாட்டிக்கொண்டு நெளிந்தாள். மாஸ்டர் கடிகாரத்தைத் திறந்து வைத்திருந்தார்.

இனிகோ நிறுத்தப் பார்த்தான். ஆனால் ராணி நடந்துகொண்டிருந்தது. ராணி நடந்தால் அவன் பேசியாக வேண்டும்.

"ஏலே," என்றார் வன்னியபெருமாள் மெதுவாக. வலது காது அவருக்கு நன்றாகவே கேட்கும். "ரிக்கார்டு இல்ல, நெசம்னு சொல்லு."

இனிகோ மைக்கைப் பொத்தினான். "சொன்னா எந்திரிச்சிருவாவ அண்ணாச்சி."

"சொல்லாட்டா தண்ணி போயிரும்லே."

"மூணு நிமிஷம் அண்ணாச்சி. அரைமணி நேரத்துல மூணு நிமிஷம். எட்டு வருஷம் காத்திருக்கேன்."

வன்னியபெருமாள் யோசித்தார். பிறகு கடிவாளத்தைச் சுண்டினார். நின்றால் தாளம் கெடும் என்று ராணி பந்தலைச் சுற்றிவர ஆரம்பித்தது. குரல் மேற்கிலிருந்து வந்தது, பின்பக்கம் போனது, கிழக்கால் சுற்றிக்கொண்டு வந்தது. சனம் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டது.

"அண்ணாச்சி, இது என்ன சத்தம் சுத்துது?" என்று ஒருவர் கேட்டார்.

ராஜதுரை அண்ணாச்சி அசையாத தட்டின் மேல் துண்டைப் போட்டு மூடினார். "ஸ்டீரியோ," என்றார்.

வாளி வந்தது, செருப்பு வந்தது, மாமியாரும் மருமகளும் ஒரே வரிசையில் நின்றார்கள். தட்டில் இருந்ததைவிட நன்றாகவே வந்தது. மூன்றாவது சுற்று முடிய, "தாயே தண்ணி வருது" என்று நிறுத்தினான். பந்தல் கைதட்டியது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தன் காதால் கைதட்டல் கேட்டது அவனுக்கு அதுவே முதல் தடவை.

மாஸ்டர் எழுந்தார். "மூணு நிமிஷம் நாலு செகண்டு," என்றார். "ஒருத்தர் எந்திரிக்கல."

இனிகோ மைக்கின் ஒயரை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தான்.

"மகாசனங்களே, இதுவரைக்கும் சொன்னது நெசம். தண்ணி வருது. ஓடுங்க."

பந்தல் சிரித்தது. இன்னும் பலமாகக் கைதட்டியது.

"மாதா சத்தியமா வருது."

"இது தட்டுல இல்லியே," என்றார் ஒருவர். "புதுசா சேத்திருக்கான். நல்லாருக்கு."

"பிளாரன்ஸக்கா, நீங்களாவது நம்புங்க."

"போலே," என்றாள் பிளாரன்ஸக்கா. "பதினோரு தடவை ஓடினேன். எம்பொண்ணு கல்யாணத்துல பன்னெண்டாவது தடவை ஓட மாட்டேன்."

இப்படியே கால்மணி நேரம் கெஞ்சியிருப்பான். அப்போது பந்தல் வாசலில் மெட்டில்டா வந்து நின்றாள். பட்டுச் சேலையின் இடுப்புப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அந்த இடுப்பில் ஒரு குடம். அவள் நேராக நடந்து வந்து அப்பாவின் காலடியில் குடத்தை இறக்கினாள். தளும்பிக் கொஞ்சம் அவர் செருப்பில் விழுந்தது.

முந்நூறு பேரும் அந்தத் தண்ணீரைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொன்னால் போதாது. மாலையோடு மாப்பிள்ளை ஓடினான். ஓடுகிற மாப்பிள்ளையைக் கடந்து பிளாரன்ஸக்கா ஓடினாள், பாயசம் இருந்த அண்டாவைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு.

பந்தலில் மூன்று பேரும் ஒரு குடமும் மிச்சம்.

"ஏளா," என்றார் மாஸ்டர். "நீ எப்ப எந்திரிச்ச?"

"ரெண்டாவது வரியில. ஒங்க கண்ணு கடிகாரத்துல இருந்துச்சு."

"எப்படித் தெரிஞ்சுச்சு நெசம்னு?"

"தட்டுல நாலரைன்னு சொல்லும்போது குதிரை தும்மும்பா. இன்னைக்குத் தும்மல. நம்ம ராணிக்குச் சளி கிடையாது. அதான் போயிட்டேன். வீட்டுல எல்லாக் குடத்துலயும் பிடிச்சாச்சு. இது கடைசி."

எத்தனை தடவை கேட்டால் தும்மல் மனப்பாடம் ஆகும் என்று இனிகோ கணக்குப் போட்டான். கணக்கு முடியும் முன்பே முகம் சிவந்தது. மாஸ்டருக்கும் கணக்கு ஓடியது. ஆனால் அவர் கொள்கைக்காரர். ஒரு விரலைத் தூக்கினார்.

"ஒருத்தர் எந்திரிச்சாச்சு."

இனிகோ தலையைக் குனிந்துகொண்டான். மெட்டில்டா குனியவில்லை.

"சரிப்பா. நான் எந்திரிச்சதுதான் தப்பு. எந்திரிக்காதது மாதிரியே பண்ணிருதேன்." குடத்தின் கழுத்தைப் பிடித்து மெல்லச் சாய்த்தாள். "இதக் கொட்டிட்டு, வீட்டுல இருக்கிறதையும் கொட்டிட்டு, வந்து உக்காந்துக்கிடுதேன்."

நல்ல தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து பளபளத்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. தூத்துக்குடியில் பிறந்த எந்த மனுஷனுக்கும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நெஞ்சுறுதி கிடையாது. பாட்டுத் தெரிந்தவர் மட்டும் எப்படி விதிவிலக்கு ஆவார்?

"ஏளா, வேண்டாம், வேண்டாம். வை. மெதுவா வை." மாஸ்டர் இரண்டு கையாலும் குடத்தைத் தாங்கிக்கொண்டார். "ஏலே, ஞாயித்துக்கிழமை வீட்டுல பெரியவங்களக் கூட்டிக்கிட்டு முறையாப் பொண்ணு கேட்டு வா. தாரேன்."

இதைச் சொல்லும்போது மைக் இனிகோவின் கையில்தான் இருந்தது. அணைக்க அவனுக்குத் தோன்றவில்லை. 'தாரேன்' என்று மாஸ்டர் சொன்னது முன் கூம்பிலும் பின் கூம்பிலும் ஏறி, மேலத்தெரு கீழத்தெரு இரண்டிலும், குழாயடி வரிசை முழுக்கக் கேட்டது. இனி அவர் மாற்றிச் சொல்ல முடியாது.

வரிசையில் ஒருவர்கூட நகரவில்லை.